அசல் கிளச்

1968-ல் அமெரிக்காவில் பிளிமத் ரோடு ரன்னர் என்று ஒரு கார் வந்தது. கார்ட்டூன் பறவை ஒன்றின் பெயர். அந்தப் பெயருக்காகவே 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹாரன்கூட அந்தப் பறவையைப் போல 'பீப் பீப்' என்று கத்தும். உள்ளே இருந்ததோ 335 குதிரை சக்தி! அத்தனை முரட்டுத்தனத்தையும் சக்கரங்களுக்கு விடவும் தடுக்கவும் நடுவே நின்றது ஒரு கிளச்.

டெட்ராய்ட் பக்கம் என் நண்பர் ஒருவர் இந்தக் காரை வைத்திருக்கிறார். கிளச் வழுக்கத் தொடங்கியதும், தொழிற்சாலையில் பூட்டிய அதையேதான் புதுப்பிக்க வேண்டும் என்றார். எனக்கு இது பைத்தியமாகப் பட்டது, பட்டறையில் அந்த இரும்பைப் பார்க்கும் வரை. வார்ப்பிரும்புத் தட்டு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அதைச் சாணை பிடித்துச் சமமாக்கினார்கள். துவண்ட ஸ்பிரிங்குகளை மாற்றினார்கள். மூன்று நெம்புவிரல்களையும் அளந்து அளந்து ஒரே உயரத்தில் நிறுத்தினார்கள். ஒன்று தாழ்ந்தாலும் வண்டி கிளம்பும்போது நடுங்குமாம். வீணைக்குச் சுருதி கூட்டுகிற பொறுமை!

வம்பு, நடுவிலே உராய்கிற தட்டில் வந்தது. அந்தக் காலத்துத் தட்டுகளின் முகத்தில் இருந்தது கல்நார். அதன் தூசியைச் சுவாசித்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். பெட்டி பிரிக்காத பழைய தட்டு ஒன்றை யாரோ விற்பதாகச் சொல்ல, நண்பருக்கு நாக்கில் நீர் ஊறியது. அசல் அல்லவா!

பட்டறைக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அதே மேஜையில்தான் அவருடைய தகப்பனார் காற்றடித்துத் தூசியை ஊதுவாராம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தட்டை மட்டும் கல்நார் இல்லாததாகப் புதிதாகப் போட்டார்கள். கழற்றிய தட்டையும், தூசி துடைத்த ஈரத் துணியையும் இரட்டைப் பையில் போட்டு, இறுக முடிந்து, தனியே வைத்தார் பட்டறைக்காரர்.