அயுத்தயா மதிலும் நம்ம திருவெம்பாவையும்

கொஞ்சம் நீளமான பதிவு. மார்கழி வர்றதுக்குள்ள சொல்லிடணும்னு எழுதுறேன்.

தீபாவளி லீவுல நானும் வீட்டுக்காரம்மாவும் தாய்லாந்து போயிருந்தோம். பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்துல அயுத்தயா இருக்கு. மூணாம் வகுப்பு ரயில்ல போய் இறங்கி, சின்னப் படகுல ஆத்தைக் கடந்தா பழைய நகரம். சாவ் பிரயா, பா சக், லோப்புரி என்று மூன்று ஆறுகள் சுத்தி ஓடுது. நடுவுல தீவு மாதிரி ஊர்.

ராமபிரானுடைய அயோத்தி பேரைத்தான் இந்த ஊருக்கு வச்சிருக்காங்க. 1351-ல் முதலாம் ராமாதிபதி மன்னர் அமைத்த தலைநகரம். நானூறு வருஷத்துக்கு மேல செழிப்பா இருந்து, 1767-ல் பர்மியப் படையால் எரிந்து போனது. நகரத்தைச் சுத்தி சுமார் 12 கிலோமீட்டர் மதில் இருந்திருக்கு. இப்போ தேடித்தான் பார்க்கணும். பிறகு பாங்காக்கைக் கட்டும்போது இங்கிருந்த செங்கல்லைப் பேர்த்து படகுல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஆறு ரெண்டு சேர்ற மூலையில பெட் கோட்டைன்னு ஒரு துண்டு நிக்குது.

வாட் மகாதாட் கோயில்ல வரிசையா தலை இல்லாத புத்தர் சிலைகள். ஒரு மரத்து வேர் நடுவுல புத்தர் தலை மட்டும் இருக்கு. அதுக்கு முன்னால படம் எடுக்கணும்னா கீழே உட்கார்ந்துதான் எடுக்கணும், நம்ம தலை சாமி தலைக்கு மேல இருக்கக்கூடாது. இடிஞ்சு போன இடத்துலகூட அந்த மரியாதையை விடலை. எனக்குக் கண் கலங்கிடுச்சு.

மறுநாள் பாங்காக்ல பெரிய ஊஞ்சல் பக்கத்துல இருக்கிற தேவஸ்தானம் போனோம். 1784-ல் கட்டினது. சிவன், விநாயகர், திருமால் மூணு பேருக்கும் தனித்தனி சன்னதி. அயுத்தயா அரண்மனையில பூஜை செய்த பிராமணர் மரபு, நகரம் அழிஞ்ச பிறகு இங்கே தொடருது. அவங்க முன்னோர்கள் தென்னிந்தியாவிலிருந்து, நம்ம எல்லைக்கு மேல இருக்கிற நக்கோன் சி தம்மராட் பக்கமா வந்தவங்க. வருஷா வருஷம் 'திரியம்பாவாய்'னு ஒரு விழா. ஊஞ்சல் ஆடுறது 1935-லேயே நின்னு போச்சு, பூஜை மட்டும் நடக்குது. பேரைக் கவனிச்சீங்களா? நம்ம மாணிக்கவாசகர் சுவாமிகளின் திருவெம்பாவைதான்! தமிழ் தெரியாது, அர்த்தம் தெரியாது, உச்சரிப்பும் மாறிப்போச்சு. தாய் எழுத்துல எழுதி வச்சு இன்னைக்கும் ஓதுறாங்க.

அங்கே நின்னப்போ எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்துட்டான்.

போன மார்கழியில விடியற்காலை திருவெம்பாவைக்கு நம்ம ஆலயத்துல நாங்க பெரியவங்க அஞ்சாறு பேர்தான். ஒரு நாள் இடைநிலைப்பள்ளி படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். மலாய்ப் பள்ளியில படிச்சவன். கைப்பேசியில ரூமி எழுத்துல பாட்டை வச்சுக்கிட்டு எங்ககூடப் பாடினான். நான் எல்லார் முன்னாடியும், "தமிழ்ப் பாட்டை ரூமியில படிக்கிறியா? முதல்ல தமிழ் படிச்சுட்டு வா தம்பி"ன்னு சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் பேசலை. கைப்பேசியை மூடிட்டு, தீபாராதனை முடியிற வரைக்கும் நின்னுட்டுப் போனான். மறுநாள் வரலை. அப்புறமும் வரலை.

பேக்டரியில புதுசா வர்ற பிள்ளைக்கு முதல் நாளே எல்லாம் தெரியணும்னு நான் எதிர்பார்க்கிறதில்லை. பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுப்பேன். ஆலயத்துல மட்டும் ஏன் அந்தப் பொறுமை இல்லாம போச்சு?

தமிழ் எழுத்து வேண்டாம்னு நான் சொல்ல வரலை. கண்டிப்பா வேணும். ஆனா பாட வந்தவனை அனுப்பிட்டா யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறது?

போன வாரம் அவன் வீட்டுக்குப் போய், "அங்கிள் பேசினது தப்புப்பா"ன்னு சொன்னேன். சிரிச்சான். வருவானான்னு தெரியலை.

இந்த வருஷம் 20 பாட்டையும் ஒரு பக்கம் தமிழ்லயும், எதிர்ப்பக்கம் ரூமியிலயும் அடிச்சு வைக்கிறோம். பாட்டு முடிஞ்சதும் பத்து நிமிஷம் எழுத்து சொல்லித் தர்றேன். காலை 5 மணிக்கு பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. பசியாறல் நம்ம உபயம்.

திருச்சிற்றம்பலம்.