அந்த நொடியில் முடிவெடுப்பவர்

வடலூர், நெய்வேலி, சிதம்பரம் பக்கத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி இன்று இரண்டு விதமாக நடக்கிறது. தபேலா, கிட்டார், கீபோர்டு என்று ஆட்களோடு வரும் குழு ஒன்று. மடிக்கணினியில் டிராக்கை ஓடவிட்டு, மேலே குரலை மட்டும் சேர்க்கும் குழு இன்னொன்று. டிராக் போட்டுப் பாடுவது ஏமாற்று வேலை என்று வாத்தியக்காரர்கள் சொல்வதில் கோபமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் கணினி மேடைக்கு வந்ததே குற்றம் என்று அந்த நியாயத்தைச் சுருக்கிவிட முடியாது. எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதைவிட, கேட்பவர் எதற்காகக் காத்திருக்கிறாரோ அந்த முடிவை யார் எடுக்கிறார், எப்போது எடுக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும்.

கர்நாடக இசை மேடையை எடுத்துக்கொள்வோம். எழுபதுகளின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். இப்போது அந்த வேலையைக் கைபேசிச் செயலியே செய்துவிடுகிறது. வித்வான் பக்கத்தில் தம்புராக் கலைஞர் இல்லை என்பதற்காக அவர் ரசிகரை ஏமாற்றினார் என்று யாரும் சொல்வதில்லை. மாறாமல் நிற்பதுதான் தம்புராவின் வேலை. அங்கே எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை. தம்புராவைச் சுருதி சேர்க்கும் பழக்கம் போனால் மாணவனின் காது மழுங்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த நஷ்டம் மாணவனுடையது. அதே கைபேசி, ஆலாபனையில் பாடகரின் சுருதி விலகலைச் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்தால் கதை வேறு. 1997-இல் வந்த ஆட்டோட்யூன் வகை மென்பொருள்கள் இதை மேடையிலேயே செய்துவிடும். காந்தாரத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், எங்கே இறங்கலாம் என்று பாடகர் அந்த நொடியில் எடுக்கும் துணிவைக் கேட்கத்தான் ரசிகர் வந்திருக்கிறார். தவறிவிடும் அபாயம் இல்லாத இடத்தில் மனோதர்மம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் செய்வது சந்தேகமில்லாமல் மோசடி.

திரையிசையில் நிலைமை அப்படி இல்லை. 'புன்னகை மன்னன்' 1986-இல் வந்தபோது இளையராஜா அதில் கணினியை இசைக்க வைத்திருந்தார். எந்தச் சுரம் எப்போது வர வேண்டும் என்ற முடிவு அதற்கு முன்பும் அவருடைய இசைக்குறிப்புத் தாளில்தான் இருந்தது; வயலின்காரர்கள் அதைப் படித்து வாசித்தார்கள். அத்தனை வயலினையும் அவரே வாசிக்கவில்லையே என்று யாரும் குறை சொன்னதில்லை. அப்படியானால் கணினி வாசித்ததும் ஏமாற்று ஆகாது. வில்லின் அழுத்தமும் மனித விரலின் சிறு பிசகும் கணினிக்கு வராது என்பது வேறு வாதம், ஒலியின் தரம் பற்றிய நல்ல வாதம். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்கும் அடிப்படையாக இருந்தது இத்தகைய வாதமே: கமகம் அதில் வளையாது. ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் பிழைப்பு இழந்தார்கள் என்பதும் உண்மை, அது கூலி பற்றிய வழக்கு. இதையெல்லாம் 'மோசடி' என்ற ஒரே குற்றச்சாட்டில் போட்டுக் கட்டினால், வலுவான வழக்குகளும் சேர்ந்து தோற்றுப்போகும். திருவிழா டிராக்குக்கும் இதே அளவுகோல்தான். நோட்டீசில் 'இன்னிசைக் கச்சேரி' என்று அடித்துவிட்டு, வாசிக்காத கீபோர்டின்மேல் விரலை ஓட்டுவது ஏமாற்று. டிராக் என்று சொல்லிவிட்டுக் குரலை மட்டும் நம்பிப் பாடுவது ஏமாற்று இல்லை.

மென்பொருளே முடிவெடுக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்பதுதான் இந்த அளவுகோலுக்கு இருக்கும் மறுப்புகளில் கனமானது. 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரஹ்மான் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்து, அதை வெளிப்படையாகவும் சொன்னார். எனவே யாரும் ஏமாறவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தையை எங்கே அழுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்ற முடிவுகள் ஷாகுல் ஹமீதுடையவை ஆகாது. அந்தப் பாட்டை அவர் பாடிய பாடல்களின் வரிசையில் என்னால் சேர்க்க முடியவில்லை.

இத்தனைக்கும் மேலாக என்னை வருத்துவது, யாரையும் ஏமாற்றாத ஓர் இயந்திரம். பல கோயில்களில் மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் கண்ணுக்கெதிரேதான் இருக்கின்றன. திரை விலகுவதைப் பார்த்து, தீபம் உயரும்போது தவில்காரர் காலத்தைக் கூட்டுவார். சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி எழும். மோட்டாருக்கோ, சந்நிதியில் என்ன நடந்தாலும் ஒரே அடிதான். அங்கே முடிவெடுக்க ஆளே இல்லை. வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்துக்குக் கூடுபவர்கள் வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவலை ஒலிநாடாவில் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனாலும் 1596 வரிகளையும் தங்கள் வாயாலேயே ஓதுகிறார்கள். ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929-இலேயே இசைக் கல்லூரி தொடங்கிய மாவட்டம் இது. மோட்டார் வாங்கப் பணம் திரட்டும் ஊர்கள், சாயரட்சை ஒரு வேளைக்காவது ஒரு தவில்காரருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் மாதச் சம்பளம் போடலாம்.