வியாழக்கிழமைச் சந்தை

இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்ட்டில் கொஞ்சக் காலமாவது குடியிருந்தவர்களுக்கு வியாழக்கிழமையின் வாசம் மறக்காது. ஈஸ்ட் ஹில் இறங்கி டேரன்ட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால், ஹோலி டிரினிட்டி தேவாலயத்துச் சுவரோரத்து ஈரப்பாசி மணக்கும். இன்னும் நாலு எட்டு வைத்தால் வெங்காயம் வதங்கும் வாசம், மீன் வண்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணி, நனைந்த அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும். வீட்டில் மரக்கறி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் போன சனம் குறைவு. வியாழக்கிழமை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்குவது, அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் கென்ட் செர்ரி வரும். கறுத்துச் சிவந்த பழம். கடைக்காரர் மண்ணிறக் காகிதப்பையில் அள்ளிப் போட்டு, பையின் இரண்டு காதையும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவார். காது இரண்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பழம் சிந்தாது. நாங்களும் வீட்டில் பழகிப் பார்த்து, குசினி முழுக்கச் செர்ரி பொறுக்கியிருக்கிறோம். ஆவணி முடிந்தால் பச்சைத் தோலோடு கொப்நட் கொட்டை. மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கடைகளுக்கு மேல் மஞ்சள் குண்டு பல்ப் எரிய, விரல் வெட்டின கையுறையோடு சில்லறை எண்ணித் தருவார்கள். அந்தச் சில்லறையின் குளிர் இருக்கிறதே, ஐயோ! ராணிக்கும் கூலியாளுக்கும் அவர்கள் வாயில் ஒரே 'லவ்'தான்.

ஊரில் இறாத்தல் கணக்கில் பாண் வாங்கி வளர்ந்த எங்களுக்கு அந்தச் சந்தையின் இறாத்தல் தராசு அந்நியமாகவே தெரியவில்லை. 2000 தை பிறந்ததோடு சில்லறையாக நிறுத்து விற்பதெல்லாம் கிலோவில்தான் என்று சட்டம் வந்தது. வியாபாரிகள் விட்டார்களா? தராசை ஒதுக்கி வைத்துவிட்டுக் கிண்ணம் கிண்ணமாக அடுக்கி, 'கிண்ணம் ஒரு பவுண்' என்று கூவத் தொடங்கினார்கள். தக்காளியும் கிண்ணத்தில், வாழைப்பழமும் கிண்ணத்தில். நிறுவையும் இல்லை, பேரமும் இல்லை. எனக்கு அந்தத் தராசுதான் பிடிக்கும்.

சந்தையை விட்டால் தையல் சாமான் கடை. கண்ணாடி மேசைக்குக் கீழே சின்னச் சின்ன இழுப்பறை, ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தான் ஒன்றைத் தைத்து வைத்திருக்கும். கடைக்கார அம்மா ஸிப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதற்குப் புதுசு வேண்டாம், மெழுகுதிரி தேய்த்தால் ஓடும் என்று திருப்பித் தந்துவிடுவார். அப்படி வியாபாரம் செய்தால் என்ன மிஞ்சும்! வாரத்தில் ஒரு நாள் மத்தியானத்தோடு கதவைச் சாத்தும் பழைய வழக்கத்தையும் அவர் கைவிடவில்லை. அந்தச் சட்டத்தை 1994இல் எடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னதற்கு, 'என் கால் வலியை எடுக்கவில்லையே' என்றாராம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சென்ட்ரல் பார்க் பக்கத்து நூலகத்தில், மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து கவுன்சிலின் திட்டக் கோப்புகளை வாசிக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். சுண்ணாம்புக் குவாரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தேம்ஸ் ஆற்றுக்கு அக்கரையில், எசெக்ஸ் பக்கம், லேக்சைட் கடைத்தொகுதி 1990இல் திறந்தபோதே அவர் கணக்குப் போட்டுவிட்டார். அடுத்தது தன் குவாரிக்குள் வரும், வந்தால் டவுன் படுக்கும் என்பார். 1996இல் சுற்றாடல் அமைச்சர் ஜோன் கம்மர் காலத்தில் பிபிஜி6 என்ற அரசாங்கத் திட்டமிடல் வழிகாட்டியின் புதுப்பதிப்பு வந்தது. பெரிய கடை கட்டுவதென்றால் முதலில் டவுன் நடுவில் இடம் தேடு, இல்லையா, ஓரத்தில் தேடு, அங்கேயும் இல்லையென்றால்தான் வெளியே போ என்பது அதன் சாரம். கிழவர் அந்தப் பக்கத்தை எனக்கு விரல் வைத்துக் காட்டினார். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. ஏனென்றால் குவாரிக்குள் கடைத்தொகுதிக்கான அனுமதி அந்த விதிக்கு முன்னமே கொடுத்தாயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

1999 பங்குனியில் புளூவோட்டர் திறந்தது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை நாலாபக்கமும் நிற்க, நடுப்பள்ளத்தில் 300க்கு மேற்பட்ட கடைகள், 13,000 கார் நிறுத்த இடம், நிறுத்தக் காசில்லை. டவுனில் மீன் வாங்கி முடிப்பதற்குள் பார்க்கிங் டிக்கெட் முடிந்துவிடும்; சனம் எந்தப் பக்கம் போகும்? நாங்களும்தான் போனோம். மழை நனையாமல் நடக்கலாம், பிள்ளைகளைச் சறுக்க விடலாம். எவரும் டவுனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வியாழன் தவறியது, பிறகு இன்னொரு வியாழன்.

பிறகு ஒவ்வொன்றாக. தையல் கடையில் இழுப்பறைகளையே விலைக்குப் போட்டார்கள். பிள்ளைகள் அள்ளியள்ளி மிட்டாய் நிறுத்து வாங்கிய ஊல்வொர்த்ஸ் 2009 தை முதல் கிழமையோடு நாடு முழுக்க அடங்கியது. லோஃபீல்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் வரப்போகிறது என்று வரிசையாகக் கடைகளை வாங்கிப் பலகை அடித்தார்கள். டவுனுக்குள்ளேயே இடம், விதிப்படி எல்லாம் சரி. பத்து வருசத்துக்கு மேல் பலகை நின்றது, கடை வரவில்லை. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். சட்டமும் இளகிவிட்டது: 2020இல் கடை, கந்தோர், கஃபே எல்லாவற்றையும் ஒரே வகுப்புக்குள் போட்டார்கள், அடுத்த வருசமே அவற்றை வீடாக்க முழு அனுமதி தேவையில்லை என்றார்கள். லிட்டில்புரூக் மின்நிலையத்தின் புகைபோக்கியும் 2019 மார்கழியில் விழுந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் ரயிலில் வரும்போது ஊர் நெருங்குகிறது என்று பையை எடுப்போம்.

கிழவரின் கோப்புகள் நூலகத்தில் இப்போது இருக்கின்றனவோ இல்லையோ. போன குளிருக்கு என் கோட்டு ஸிப் பாதியில் சிக்கி நின்றது. மெழுகுதிரி தேய்த்தேன், ஓடவில்லை. நல்ல பித்தளை ஸிப் விற்கிற கடை அந்தப் பக்கம் எங்கேயாவது மிச்சம் இருந்தால் சொல்லுங்கள்.