கடலைப் பார்த்த பங்களாக்கள்

கம்போடியாவின் தெற்குக் கரையில் கெப் என்று ஓர் ஊர். நண்டுக்குப் பேர் போன இடம். பக்கத்திலுள்ள கம்போட்டில் விளையும் பச்சை மிளகைக் கொத்துக் கொத்தாகப் போட்டு வதக்கித் தருவார்கள். நண்டு சாப்பிடாதவர்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே பாதி விருந்து! ஆனால், நான் போனது நண்டுக்காக அல்ல, வீடுகளைப் பார்க்க.

1908-ல் பிரெஞ்சுக்காரர்கள் காற்று வாங்குவதற்கென்று உண்டாக்கிய ஊர் இது. 1953-ல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, வசதியுள்ள கம்போடியக் குடும்பங்கள் இங்கே பங்களா கட்டின. பாரிஸில் படித்துத் திரும்பிய வான் மோலிவான் முதலியோர் கட்டடக் கலையில் புது மோஸ்தர் வகுத்த காலம். தட்டைக் கூரை, மெல்லிய தூண்கள், காற்று வரத் துளையிட்ட சுவர், கிராமத்து மரவீட்டைப் போலத் தரையை விட்டு எழும்பிய தளம். சிமெண்டில் கட்டினாலும் ஜாடை என்னவோ பாட்டி வீட்டு ஜாடைதான்!

1975-ல் கெமர் ரூஜ் ஆட்சி வந்தது. பட்டணத்து ஜனங்களை வயல் வேலைக்குத் துரத்தினார்கள். வீட்டுக்காரர்களில் பலர் திரும்பவே இல்லை. 1979-ல் அந்த ஆட்சி ஒழிந்தும் பட்டினி ஒழியவில்லை. பசித்தவர்கள் கதவையும் ஜன்னலையும் பெயர்த்து அரிசிக்கு மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருமா?

மிஞ்சிய கூடுகள் சிலவற்றை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெல்ஜியக்காரர் வாங்கிச் செப்பனிட்டு, 'க்னாய் பாங் சாத்' என்ற சிறு விடுதியாக்கினார். லேசான காரியமா அது? கடற்கரை வீட்டுக்கு உப்புதான் சத்துரு. காரைக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துச் சிமெண்டை உள்ளிருந்தே பிளக்கும். மேலே பூசி வெள்ளையடித்தால் மறு மழைக்கே பல்லிளிக்கும். கெட்ட காரையைக் கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, வேண்டிய இடத்தில் புதுக் கம்பி கட்டி, மறுபடி பூச வேண்டும்.

வீடு பிழைத்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால், குண்டுத் தழும்புகளையெல்லாம் பூசி மறைத்துவிட்டால், அங்கே குடியிருந்தவர்களைப் பற்றி வருகிறவர்களுக்கு யார் சொல்வது? என்னைக் கேட்டால், ஒரு சுவரையாவது பூசாமல் விட்டிருப்பேன்.

அதே சாலையில் இன்னொரு பங்களா. கூரை இல்லை. மாடிப்படி மட்டும் ஆகாயத்தைப் பார்த்து ஏறி நின்றது. கைப்பிடிச் சுவரில் ஓர் அம்மாள் குழந்தைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதையும் யாராவது விலைக்கு வாங்கினால் அவள் எங்கே போவாள் என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குப் பாஷை தெரியவில்லை.