காலியாக வரும் லாரிக்கு வாடகை யார் கொடுப்பது?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் புளி, சாமை, தேன் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் பெரிய சந்தைகள் கீழே தான். போளூர் பக்கமோ ஆலங்காயம் பக்கமோ இறங்கியாக வேண்டும். வண்டி வாடகையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். ஒரு பக்கம் லோடு, மறு பக்கம் காலி. காலியாகப் போனாலும் டீசல் ஊற்றத்தானே வேண்டும்? அந்தச் செலவும் மூட்டைக்காரர் தலையில் தான் விழும்.

சரக்குப் போக்குவரத்து மென்பொருள்கள் குறி வைப்பது இந்தக் காலிப் பயணத்தைத் தான். நாமக்கல் லாரிக்காரர் வெளியூரில் லோடு இறக்கிவிட்டால், ரிட்டன் லோடுக்குப் புக்கிங் ஆபீசையும் புரோக்கரையும் நம்பிக் காத்துக் கிடக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய பிளாக்பக் போன்ற நிறுவனங்கள் அந்த வேலையைச் செல்போனுக்குள் கொண்டு வந்தன. எந்த ஊரில் என்ன சரக்கு, எத்தனை டன், எங்கே போக வேண்டும் என்று பார்த்து லாரிக்காரரே பேசிக் கொள்ளலாம். பெரிய கம்பெனிகளின் மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போய், பல கடைகளின் சரக்கை ஒரே வண்டியில் எந்த வரிசையில் அடுக்குவது என்றும் சொல்லும். (கடைசியில் இறக்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். லோடுமேன்களுக்கு இது எப்போதோ தெரியும்!)

அரசாங்கமும் சும்மா இல்லை. மாநிலங்களுக்கு இடையே 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் அதே ஆண்டு ஜூன் 2 முதலும் இ-வே பில் வந்தது. சரக்கு விவரமும் வண்டி எண்ணும் கணினியில் ஏறிவிடும். ஆனால் காய்ந்த புளிக்கு 2019 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, ஆகவே இ-வே பில்லும் வேண்டாம். விவசாயிக்கு நல்லது தான். கூடவே அந்தப் புளி அரசின் அந்தக் கணினியில் பதிவாகாமலே மலை இறங்குகிறது.

மென்பொருளுக்கு உள்ளிட்டது மட்டும் தான் தெரியும். இந்த ஆப்கள் பெரும்பாலும் முழு லாரி லோடு கேட்பவை. மலையிலோ இந்த ஊரில் ஐந்து மூட்டை, அடுத்த ஊரில் மூன்று மூட்டை. இங்கே முதல் தேவை விலை உயர்ந்த மென்பொருள் இல்லை. மூட்டைகளை ஓரிடத்தில் சேர்த்து எடை போட்டுப் பதிவு செய்ய ஓர் இடம் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு எக்செல் பக்கம் கூடப் போதும்.

ரேஷன் அரிசியும் சிமெண்டும் உரமும் மலை ஏறித்தானே ஆக வேண்டும்? அந்த வண்டிகள் எந்த நாள், எத்தனை மணிக்குக் காலியாக இறங்குகின்றன என்பதையும் அதே பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் எழுதி வைத்தால், புளி மூட்டைக்கு ரிட்டன் லோடு வண்டி கிடைத்துவிடும்.