இருவர் அமரும் தேர்வு

சீனர்கள் தங்கள் நாட்டு ஆங்கிலக் கல்வியைக் குறித்துத் தாங்களே வழங்கும் சொல் ஒன்று உண்டு. ‘ஊமை ஆங்கிலம்’ என்பது அது. பல ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, ஆயிரக்கணக்கான சொற்களை நெட்டுருச் செய்து, கொடுத்த நான்கு விடைகளுள் சரியானதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தேர்ந்தெடுக்கும் ஒருவர், வெளிநாட்டார் எதிரே வந்து வழி கேட்டால் வாய் திறக்க இயலாமல் நிற்கிறார். கண்ணுக்குத் தெரிந்த மொழி நாவுக்குத் தெரியவில்லை. பிறர் சூட்டிய பெயராயின் ஏளனம் என்று தள்ளிவிடலாம். தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயராகையால் அதில் ஒரு வேதனையும் கலந்திருக்கிறது.

இந்த ஊமைத்தனம் சோம்பலால் விளைந்ததன்று. தேர்வுக்கென உழைப்பதில் சீன மாணவரை மிஞ்சுவோர் அரியர். அந்நாட்டில் அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு, 1905ஆம் ஆண்டில் நீக்கப்படும்வரை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் நடந்து வந்தது. பழைய நூல்களை மனனம் செய்து, வகுத்த உறுப்புகள் வழுவாமல் கட்டுரை வரைந்தவரே அதில் தேறினர். அந்தத் தேர்வு மறைந்தபோதும், தேர்வுக்கு ஆயத்தமாகும் முறை மறையவில்லை. இன்று ஆங்கிலக் கட்டுரைக்கென அச்சிட்டு விற்கப்படும் வாய்பாட்டு வாக்கியங்களைப் பார்க்கும் சீனரே, ‘இது பழைய எட்டுறுப்புக் கட்டுரையின் பேரன்’ என்று நகையாடுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஊமை வாயைத் திறக்கவைக்கும் முயற்சிகளுக்கும் அங்கே குறைவில்லை. 1982இல் பி.பி.சி. தயாரித்த ஆங்கிலப் பாடத் தொடர் ஒன்றைச் சீனத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, ஊரே கூடி அமர்ந்து பார்த்ததாகச் சொல்வர். ஷாங்ஹாய் மக்கள் பூங்காவில் முன்பின் அறியாதவர்கள் கூடி ஆங்கிலத்தில் உரையாடும் ‘ஆங்கில மூலை’ புகழ் பெற்றது. பிறகு லீ யாங் என்பவர் தோன்றி, பெருங்கூட்டங்களைத் திரட்டி, ஆங்கில வாக்கியங்களைத் தொண்டை கிழியக் கத்தவைத்தார். ‘வெறி ஆங்கிலம்’ என்று அதற்குப் பெயர். அதைப் பற்றி 1999இல் ஓர் ஆவணப் படமே வெளிவந்தது. கத்துவதால் கூச்சம் ஓரளவு கலையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கத்துகிறவன் காதில் மறுமொழி விழுவதில்லை. மறுமொழிக்கு அங்கு இடமே இல்லை.

தேர்வுகளுக்கு வருவோம். கல்லூரி மாணவர்க்குரிய ஆங்கிலத் தேர்வு 1987இல் தொடங்கியது. மாணவர் உலகில் பெரும் பேச்சாக இருப்பது அதுதான். அதினும் வேறான ஒன்று, 1999இல் பிரிட்டிஷ் அரசின் உதவியோடும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவின் துணையோடும் உருவாக்கப்பட்ட பொது ஆங்கிலத் தேர்வு முறை. ‘பெட்ஸ்’ என்று சுருக்கமாக வழங்குவர். ஐந்து நிலைகள் கொண்டது. கல்லூரி வாயிலை மிதிக்காத கடைக்காரரும் தொழிலாளியும் எழுதலாம் என்பது அதன் சிறப்பு. எழுத்துத் தேர்வு, பேச்சுத் தேர்வு என இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். அந்தப் பேச்சுத் தேர்வின் அமைப்புத்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தேர்வாளர் இருவர், தேர்வெழுதுவோர் இருவர். தேர்வாளருள் ஒருவர் உரையாடலை நடத்துவார். மற்றவர் வாய் பேசாமல் மதிப்பெண் இடுவார். தேர்வெழுதும் இருவரும் அன்றுதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். முதலில் தேர்வாளர் வினவ இருவரும் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்து, ஒரு படத்தையோ பொருளையோ வைத்துக்கொண்டு இருவரும் தமக்குள் கலந்து பேச வேண்டும். இறுதியில் ஒருவர் பேச, மற்றவர் கேட்டு வினாத் தொடுக்க வேண்டும். மூன்றாம் நிலையில் இவையனைத்துக்கும் 10 நிமிடங்களே. தனியே அமர்ந்து எப்படிப் பயின்றாலும் நடுப்பகுதிக்கு ஆயத்தமாக இயலாது. இன்னொரு மனிதர் வேண்டும்.

இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பள்ளி விடுமுறையில், என்னோடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நண்பர் ஒருவர் என்னைச் சியாமென் நகருக்கு அழைத்துச் சென்றார். நம் நாட்டுச் சீனர் அமோய் என்று வழங்கும் துறைமுகம் அது. அவர் சீனப் பள்ளித் தலைமையாசிரியர். நான் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியன். எங்களுக்குள் பேச்சு என்றும் மலாய் மொழியில்தான். அவருடைய பாட்டனார் அந்த வட்டாரத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர். சியாமெனில் நான் முதலில் காண விரும்பியது, சிங்கப்பூர் ரப்பர் வணிகர் டான் கா கீ 1921இல் நிறுவிய பல்கலைக்கழகத்தை. பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவன் ஆதலின், ரப்பரில் ஈட்டிய பொருள் கடல் கடந்து கல்விக்கூடமாக எழுந்து நிற்பதைக் கண்டபோது சிறிது நேரம் பேசாமல் நின்றேன். அது வேறு கதை.

நண்பரின் சிற்றப்பன் மகள் அந்நகரில் ஒரு சிறு தேயிலைக் கடையைக் கவனித்து வந்தார். வயது 32. தொழிற்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்புப் பகுதியில் வேலை பெற வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குப் பெட்ஸ் மூன்றாம் நிலைச் சான்றிதழைக் கேட்டிருந்தார்கள். மார்ச்சுத் தேர்வில் எழுத்துப் பகுதியில் தேறிவிட்டார், பேச்சில் தவறிவிட்டார். ஒரு பகுதியில் மட்டும் பெற்ற தேர்ச்சி அடுத்த தேர்வுவரைதான் செல்லும். செப்டம்பரிலும் பேச்சில் தவறினால், எழுத்துத் தேர்ச்சியும் கைநழுவும். இரண்டையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பகலெல்லாம் கடை, இரவில் மகளுக்குப் பாடம், அதன் பின்னர்த் தம் படிப்பு என்று ஓராண்டு உழைத்துப் பெற்றதல்லவா அந்த எழுத்துத் தேர்ச்சி! மலேசியாவிலிருந்து ஆங்கிலம் பேசும் ஆசிரியர் ஒருவர் வந்திருக்கிறார் என்று அறிந்ததும், ‘லாவ்ஷி, மாலையில் ஒரு மணி நேரம் என்னோடு பேச இயலுமா?’ என்று கேட்டுவிட்டார். லாவ்ஷி என்பது ஆசிரியரை விளிக்கும் சொல். அச்சொல்லால் அழைத்த பிறகு மறுக்கும் ஆசிரியர் எந்நாட்டில் இருக்கிறார்?

மார்ச்சில் என்ன நடந்தது என்று கேட்டேன். இணையாக வாய்த்தவன் ஒரு கல்லூரி இளைஞன், வெள்ளம்போல் பேசினான், தமக்கு இடைவெளியே கிடைக்கவில்லை என்றார். அப்படியானால் இதுவரை எவ்வாறு பயின்றீர்கள் என்று கேட்டேன். ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்தார். படப் பொருள்கள் நாற்பதுக்கு நாற்பது உரையாடல்கள் எழுதியிருந்தார். ‘அ’ என்பவர் கூற்று கறுப்பு மையில். ‘ஆ’ என்பவர் கூற்று சிவப்பு மையில். கடையை அடைத்த பிறகு கண்ணாடியின் முன் அமர்ந்து இரண்டு குரல்களிலும் தாமே பேசுவாராம். அந்தக் குறிப்பேட்டைப் புரட்டியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு அழகான கையெழுத்து.

முதல் நாள் மாலை, விரற்கடை அளவுக் கிண்ணங்களில் தேநீர் ஊற்றிவிட்டு அமர்ந்தார். ஓய்வு பெறும் ஆசிரியருக்கு என்ன பரிசு வாங்கலாம் என்பது பொருள். அவர் தொடங்கினார். ‘எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்’ என்று, நாணயத்தின் இரு பக்கங்களில் ஆரம்பித்து, மூச்சு விடாமல் இரண்டு நிமிடம் ஒப்புவித்தார். தேயிலையே நல்ல பரிசு என்பது முடிவு. நான், ‘அந்த ஆசிரியருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை, தேயிலை கொடுக்கலாமா?’ என்று கேட்டேன். அவர் கண்கள் குறிப்பேட்டின் பக்கம் சென்றன. ‘ஆ’ என்பவர் அப்படிக் கேட்டதாக அதில் இல்லை. மௌனம் நீண்டது. தேநீர் ஆறிற்று.

இரண்டாம் நாளும் ஏறக்குறைய அவ்வாறே கழிந்தது. ஆங்கிலம் அவருக்கு எங்கே சறுக்குகிறது என்பதை மட்டும் கவனித்து வைத்தேன். சீனப் பொதுமொழியில் அவன், அவள், அது என்பவற்றை எழுத்து வேறு வேறாகக் காட்டினாலும், மூன்றுக்கும் ஒலி ஒன்றே. ஆகவே தம் கணவரை ஆங்கிலத்தில் அவள் ஆக்கிவிடுவார். அவர்கள் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதும் இல்லை. நேற்றும் நாளையும் அவர் வாயில் ஒரே வினையாய் வந்தன. வினைமுற்றிலேயே பாலும் காலமும் காட்டும் தமிழைப் பேசும் நமக்கு இவை எளியவை. எனினும் நாம் இறுமாப்பு அடைய வேண்டியதில்லை. சொல்லின் இறுதி மெய்யோடு ஓர் உயிரைச் சேர்த்து அவர் ‘டெஸ்க்’ என்பதை நீட்டியபோது, ‘இஸ்கூல்’ என்று முன்னால் உயிர் சேர்க்கும் நம் பிள்ளைகளின் நினைவு வந்தது. ஒருவர் வாலில் சேர்க்கிறார். மற்றவர் தலையில் சேர்க்கிறார். அவ்வளவே வேற்றுமை.

மூன்றாம் நாள் மாலை பயிற்சியின் நடுவே ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். நடுவயதுக்காரர், எதையும் கேட்காமல் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம் அம்மையார் எழுந்து போய், ஹொக்கியன் மொழியில் ஏதோ கேட்டார். அவர் ஒரு சொல் சொன்னார். இவர் தலையசைத்து, இலையைக் கையில் ஏந்தி முகரக் கொடுத்து, மீண்டும் ஒன்று கேட்டார். அவர் இரண்டு வாக்கியம் சொன்னார். கால் மணி நேரத்தில் அவர் அமர்ந்து தேநீர் அருந்தி, தம் மருமகளைப் பற்றிக் குறைகூறும் அளவுக்கு வந்துவிட்டார். போகும்போது இரண்டு பொட்டலம் வாங்கிச் சென்றார். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அங்கே நடந்தது தேர்ந்த உரையாடல் என்பது தெரிந்தது. எப்போது கேட்பது, எப்போது காத்திருப்பது, மற்றவர் சொன்னதில் எந்த நூலைப் பிடித்து இழுப்பது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை.

என்ன கேட்டார் என்று நண்பரிடம் விசாரித்தேன். ‘இது யாருக்கு? கடுமையாக வேண்டுமா, மென்மையாக வேண்டுமா? சென்ற முறை வாங்கியது எப்படி இருந்தது?’ இவ்வளவே. அந்த மூன்று வினாக்களையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். ‘எதிரே இருப்பவர் போட்டியாளர் அல்லர், கடைக்கு வந்தவர் என்று எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள்’ என்று நண்பரிடம் மலாயில் சொன்னேன். அவர் ஹொக்கியனில் சொன்னார். அம்மையார் முதலில் திகைத்தார். பின்னர் உரக்கச் சிரித்தார். எஞ்சிய மூன்று மாலைகளும் குறிப்பேடு மேசைக்கு வரவில்லை. நான் ஒருநாள் வாயாடியாகவும், ஒருநாள் முரடனாகவும், ஒருநாள் வாய் திறவாதவனாகவும் நடித்தேன். இலக்கணம் அப்படியேதான் இருந்தது. கணவர் இன்னும் அவளாகவே இருந்தார். ஆனால் மௌனம் குறைந்தது. இத்தேர்வில் இலக்கணத்தோடு, மற்றவரோடு இணைந்து பேச்சை நடத்தும் திறத்துக்கும் மதிப்புண்டு என்பதால் நம்பிக்கை தோன்றிற்று.

நம் பள்ளிகளைப் பற்றி இங்கே சிறிது சொல்லாமல் இருக்க இயலவில்லை. ‘நான் ஒரு பேனா’ என்றும் ‘நான் ஒரு மிதிவண்டி’ என்றும் தன்கதை எழுதுவதில் நம் பிள்ளைகள் வல்லவர்கள். அழகிய தொடர்கள், இனிய மரபுத்தொடர்கள், பொருத்தமான பழமொழி எல்லாம் இருக்கும். அதே பிள்ளையை, பக்கத்து நாற்காலியில் இருப்பவனிடம் தமிழில் ஐந்து நிமிடம் ஒரு பொருளைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். சொல்வது ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்துவதன்று என்பது விளங்கும். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. மாதிரித் தாள்களின் குவியல் குறைந்தது. ஆனால் இருவரை எதிரெதிரே அமர்த்திப் பேசவைக்கும் வழக்கம் தானாக வந்துவிடவில்லை. எழுத்துப் பயிற்சிக்கு நாற்பது பிள்ளைகளுக்கும் நாற்பது தாள் போதும். பேச்சுக்கு அப்படி இல்லை. வகுப்பு இரைச்சலாகும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், தலைமையாசிரியருக்கும் தகவல் போகும். அந்த இரைச்சலைத் தாங்கும் மனம் தலைமையாசிரியருக்கு வேண்டும் என்பதை நான் அந்தப் பதவியில் இருந்துகொண்டே சொல்கிறேன். பெட்ஸ் குறையற்ற தேர்வு என்று நான் வாதிடவில்லை. முன்பின் அறியாத இணையின் குணத்தால் ஒருவரின் வாய்ப்பு மாறக்கூடும் என்பது கடுமையான குறை. எனினும் பயிற்சி செய்பவரை இன்னொரு மனிதரைத் தேடிப் போகவைக்கும் தேர்வு எத்தனை இருக்கிறது?

அவ்வாண்டின் இறுதியில், பள்ளி மூடும் வேளையில், நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அம்மையார் தேறிவிட்டார். 5க்கு 3. தேர்ச்சிக்கு வேண்டிய அதே 3; ஒரு புள்ளியும் கூடுதல் இல்லை. இம்முறை இணை யார் என்று கேட்டேன். ஓர் இளம்பெண்ணாம், கை நடுங்கிக்கொண்டிருந்ததாம். படத்தை வைத்ததும் அப்பெண் ஒன்றும் பேசவில்லை. இவர் தம் கருத்தைச் சொல்லத் தொடங்கவும் இல்லை. ‘இவற்றுள் உனக்கு எது பிடிக்கும்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாராம். அப்பெண் ஒரு சொல் சொன்னாள். ‘ஏன்?’ என்றாராம். பிறகு அவள் பேசினாள்.

‘நேரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டாயே, உனக்கு மதிப்பெண் குறைந்திருக்குமே என்று கேட்டேன்’ என்றார் நண்பர். ‘வந்தவரை வாய் திறவாமல் அனுப்புவது எப்படி என்று திருப்பிக் கேட்கிறாள்.’

அந்த இளம்பெண் தேறினாளா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அம்மையாருக்கு அவள் பெயரும் தெரியாது.