டேங்க்குக்கு எத்தனை மூடி?

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிகிற ராஜவாய்க்கால் பரமத்தி வேலூர்ப் பக்கம் வரும் வழியெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால்கள். அகத்தி வரிசையாக நிற்க, அதைப் பற்றிக்கொண்டு கொடி ஏறியிருக்கும். வெளியே சித்திரை வெயில் காய்ந்தாலும் உள்ளே நுழைந்ததும் ஈரக்காற்று முகத்தில் படும். பொத்தனூர் அருகே நான் போயிருந்த கொடிக்காலில் விடியும்போதே இரண்டு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் பெண்கள் வெற்றிலை கிள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்பது இந்த ஊர்க் கணக்கு. இன்னொரு பக்கம் வாய்க்கால் ஓரத்தில் ஒருவர் 16 லிட்டர் டேங்க்கை நிறுத்தி வைத்து, கறுப்பும் பழுப்புமான ஒரு திரவத்தை அளந்து ஊற்றினார். கருவாட்டுச் சாயலில் ஒரு வாடை வந்தது. கடல்பாசிச் சாறு.

“டேங்க்குக்கு எத்தனை மூடிங்கண்ணா?” என்று கேட்டேன்.

“கடையில மூணு மூடின்னுதான் சொல்லுவாங்க. பாட்டிலுக்குப் பாட்டில் மூடி மாறுதுங்களே. அதான் இதை வெச்சுக்கிட்டேன்” என்று காட்டினார். குழந்தைகளுக்கான இருமல் மருந்தோடு வரும், கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை. லிட்டருக்கு 3 மில்லி என்று பாட்டிலில் போட்டிருந்தால் 16 லிட்டருக்கு 48 மில்லி. பத்துப் பத்தாக நாலு தடவை, கடைசியில் எட்டு. அவர் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு படித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்தக் கணக்கு அவருக்குக் கைவந்த கணக்கு.

அவர் நிலம் உள்ளவர் இல்லை. டேங்க்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஊர் ஊராக மருந்தடிக்கப் போகிறவர். கொடிக்காலில் அவர் வேலை செய்வதைப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். தெளிப்பு முனையை மேலே தூக்கிப் பிடிக்கவே இல்லை. இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், கீழிருந்து மேலாக, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வீசிக்கொண்டே போனார். வெற்றிலை மூச்சுவிடும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. மேற்பக்கமோ எண்ணெய் தடவினதுபோல் வழவழப்பு. விழுந்தது உருண்டு ஓடிவிடும். இந்தத் தாவரவியலை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. “மேல அடிச்சா மண்ணுக்குத்தாங்க போவுது” என்றார், அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் டேங்க்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். களைக்கொல்லிக்கு வேறு டேங்க், அதை இதோடு சேர்ப்பதே இல்லை.

கடல்பாசிச் சாற்றைக் கடைகளில் ‘டானிக்’ என்று விற்கிறார்கள். அதனால் பலரும் இதை உரம் என்றே நினைக்கிறார்கள். 48 மில்லியில் இருக்கும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் ஒரு செடிக்குக்கூடக் காணாது. இதன் வேலை வேறு. கடலில் அலைக்கும் உப்புக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து வாழும் பாசிக்குள் சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. கிளைசின் பீட்டைன் என்ற பொருளும் இருக்கிறது. வறட்சியிலும் உப்பிலும் செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்க உதவுவது அது. இலையில் இவை படும்போது செடி தன் வேரையும் தற்காப்பையும் கொஞ்சம் முன்கூட்டியே தயார்செய்துகொள்கிறது. உணவு இல்லாத செடியிடம் இந்தத் தூண்டுதல் செல்லாது. தொழுஉரமும் தண்ணீரும் ஒழுங்காகப் போன கொடிக்காலில்தான் இது பேசும்.

அதனால்தான் இதன் உண்மையான மதிப்பு கெட்ட காலத்தில் தெரிகிறது என்பது என் எண்ணம். காப்பாஃபைகஸ் என்ற கடல்பாசியின் சாற்றை மானாவாரி சோயாவில் தெளித்துப் பார்த்த ஓர் இந்திய ஆய்வு 2009-இல் வெளியானது. 15 சதவீதச் சாறு தெளித்த பாத்தியில் விளைச்சல் 57 சதவீதம் கூடியது. மழையை மட்டும் நம்பிய பயிரில் கிடைத்த கணக்கு அது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த 15 சதவீதம் பிழிந்த பச்சைச் சாற்றுக்கு உரியது. கடையில் விற்கும் செறிவூட்டிய பாட்டிலுக்கு அந்த அளவைப் போட்டால் பயிர் தாங்காது. வளர்ச்சி ஊக்கி எதுவானாலும் அளவு மிஞ்சினால் பயிர் பின்வாங்கும்.

ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். கரணைகளைப் பாசிச் சாறு கலந்த தண்ணீரில் நனைத்து நட்டிருந்தார் ஒரு பெரியவர். முளைப்பு ஒருசேர வந்திருந்தது. “இதை நனைச்சு நட்டா தேமலும் வராதுன்னு கடையில சொன்னாங்க கண்ணு” என்றார். அது பொய். மரவள்ளித் தேமல் வைரஸ் நோய். நோய்ப்பட்ட கரணை வழியாகவும் வெள்ளை ஈ வழியாகவும் பரவும். எந்தப் பாசியும் அதைத் தடுத்து நிறுத்தாது. 2020-இல் இதே சேலம், நாமக்கல் காடுகளில் மாவுப்பூச்சி மரவள்ளியைச் சூறையாடியபோது அதற்கு வழி கண்டது ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவி. 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை விடுவித்தார்கள். நோய்க்கும் பூச்சிக்கும் அதனதன் வைத்தியம் உண்டு. பெரியவர் கரணை எடுத்தது தேமல் இல்லாத செடிகளிலிருந்து என்பதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். முளைப்பு நன்றாக இருந்ததில் கரணையின் பங்கு எவ்வளவு, சாற்றின் பங்கு எவ்வளவு? நாலு சால் நனைக்காமல் நட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பாட்டில் வாங்கும் எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: ஓரமாக ஒரு வரிசையைத் தெளிக்காமல் விடுங்கள்.

இந்தச் சாறு கிளம்பும் இடத்தையும் சொல்ல வேண்டும். பாக் விரிகுடாக் கரையில் மண்டபம், பாம்பன் பக்கம் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகளில் அதே காப்பாஃபைகஸ் பாசியை வளர்க்கிறார்கள். பெரும்பாலும் மீனவப் பெண்கள். துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி, ஒரு மிதவைக்கு 60 கிலோ அளவில் கடலில் விட்டால், 45 நாளில் அது 200 கிலோவைத் தாண்டும். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தன் மண்டபம் நிலையத்தில் பழக்கிய பாசி இது. முன்பெல்லாம் மொத்தத்தையும் காயவைத்துக் கேரஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்க அனுப்பிவிடுவார்கள். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும், மற்றதெல்லாம் ஆவியாகிவிடும். பச்சையாக இருக்கும்போதே அரைத்துச் சாற்றைப் பிழிந்து, சக்கையைக் கேரஜீனனுக்குக் கொடுக்கலாம் என்று அந்நிறுவனத்தார் கண்ட முறைக்கு 2005-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. வீணாகிய நீர்தான் இன்று பொத்தனூர் வரை வருகிறது. வளர்ப்பிலும் இடையூறுகள் உண்டு. கடல் சூடேறினால் பாசி வெளுத்து அழுகிவிடும். வெளியிலிருந்து வந்த இந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவுசெய்தார்கள். எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்ற கட்டுப்பாட்டில் தளர்வு கூடாது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, கடல்பாசிச் சாறு உள்ளிட்ட உயிர் ஊக்கிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் எதை வேண்டுமானாலும் பாட்டிலில் அடைத்து டானிக் என்று விற்கலாம் என்ற நிலை. இனி வாங்கும்போது எந்தப் பாசி, எவ்வளவு செறிவு, லிட்டருக்கு எத்தனை மில்லி என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையோடும் கால்சியம் உரத்தோடும் ஒரே டேங்க்கில் சேர்க்காதீர்கள். பாட்டிலில் இருப்பது பழுப்புப் பாசிச் சாறானால், சுண்ணாம்பைக் கண்டதும் கட்டிதட்டி முனையை அடைத்துவிடும்.

பொத்தனூர்த் தெளிப்பாளர் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தபோது, “பூச்சிமருந்து அடிக்கிற அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காதுங்க. இது அடிக்கிற அன்னிக்கு எறங்குது” என்றார். பாசிச் சாற்றுக்கு ஆதரவாக நான் கேட்டவற்றில் இதைவிட வலுவான சாட்சியம் வேறில்லை. பச்சையாகவே மெல்லும் இலையில், அன்றன்றைக்கே கிள்ளி விற்கும் பயிரில், நஞ்சு ஒரு டேங்க் குறைந்தாலும் லாபம்தான்.

வேளாண்மைத் துறை நடத்தும் பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் நிலம் உள்ளவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். டேங்க்கைச் சுமக்கிறவர் அங்கே இருப்பது அரிது. எந்த நேரத்தில், எந்த அளவில், இலையின் எந்தப் பக்கத்தில் என்று முடிவுசெய்வது அவர் கைதான். பரமத்தி வேலூரிலும் ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் கூலிக்கு மருந்தடிக்கிறவர்களைப் பெயர் எழுதி அழைத்து, கையுறையும் முகக்கவசமும் கோடு போட்ட அளவுக் குவளையும் கொடுத்துப் பயிற்சி தர வேண்டும். பயிற்சிக்கு வரும் நாளுக்குக் கூலியும் தர வேண்டும்.